பட்டியில் பிறந்த குட்டிகள்

வேலப்பன்சாவடியில் பேருந்தை விட்டு இறங்குபவர்களில் பலர் திருவேற்காடு கருமாரியம்மனைப் பார்க்கப் போகிறவர்கள். மற்றவர்கள் சவீதா பல் மருத்துவக் கல்லூரிக்கும் ஏ.சி.எஸ். மருத்துவக் கல்லூரிக்கும் போகும் மாணவர்கள், நோயாளிகள், அவர்களுக்குத் துணையாக வந்தவர்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலை இங்கே இரவிலும் ஓய்வதில்லை. மாசி மாதக் கடைசியில் ஒரு விடிகாலை நான் அங்கே இறங்கியது நாய்களைப் பார்க்க. கழுத்தில் பட்டை கட்டிய வீட்டு நாய்களையும் டீக்கடை வாசலில் படுத்திருக்கும் தெரு நாய்களையும் அல்ல. மாட்டோடும் ஆட்டோடும் பிறந்து வளர்ந்து, அவற்றையே காத்து நிற்கும் கலப்பு நாய்களை.

சென்னையின் மேற்கு விளிம்பில் அப்படிப்பட்ட நாய்கள் இன்னும் இருக்கின்றன என்று எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுபவர் சொல்லியிருந்தார். நூம்பல் பக்கமாகக் கூவத்தை நோக்கி நடந்தால் அடுக்குமாடிகளுக்கு நடுவே மாட்டுக் கொட்டகைகள் வரும், எந்தக் கொட்டகையிலும் நாய் இருக்கும், போய்ப் பாருங்கள் என்றார். சொன்னபடியே இருந்தன. தகரக் கூரை, கீழே கருங்கல் பாவிய தரை, ஜெர்சி கலப்புப் பசுக்கள், சில எருமைகள். அதிகாலைக் கறவை முடிந்து பால் கேன்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன.

ஒரு கொட்டகையில் கன்றுகளைக் கட்டும் மூலையில் செவலை நிறப் பெட்டை நாய் ஒன்று படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டி நான்கு குட்டிகள். பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், பிறந்து சில நாட்களே ஆன ஒரு கன்று. கன்று தலையைத் தாழ்த்திக் குட்டிகளை முகர்ந்தது. ஒரு குட்டி நாயின் மடியை விட்டு நகர்ந்து கன்றின் வயிற்றுச் சூட்டில் போய் ஒண்டிக்கொண்டது. தாய் நாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

“கடிக்காது தம்பி, உள்ள வாங்க. கன்னுக்குட்டிகிட்ட மட்டும் கையக் கொண்டு போவாதீங்க” என்றார் கொட்டகைக்காரம்மா. அறுபதைத் தாண்டியவர். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தபோது கூவத்தின் இரு கரையும் நெல் வயலாக இருந்ததாம்.

இந்த நாய் என்ன வேலை செய்கிறது என்று கேட்டேன். பகலில் மாடுகளோடு கூவம் கரைக்குப் போகிறது, சாயங்காலம் அவற்றோடு திரும்புகிறது, அவ்வளவுதான் என்று முதலில் சொன்னார். பேச்சு வளர வளரத்தான் அந்த ‘அவ்வளவுதான்’ எத்தனை பெரியது என்று தெரிந்தது. மாடு கன்று போடும் நேரம்தான் மிகவும் ஆபத்தானது. கரையோரப் புதரில் தனியாகக் கன்று போட்டால் அந்த ஈர வாடைக்குத் தெரு நாய்கள் கூட்டமாக வந்துவிடும். எழுந்து நிற்கத் தெரியாத கன்றை இழுத்துப் போட்டுவிடும். போன வருஷம் ஒரு கிடேரி அப்படிக் கரையில் கன்று போட்டபோது, வீட்டிலிருந்து ஆள் போய்ச் சேரும்வரை செவலைதான் கன்றைச் சுற்றிச் சுற்றி வந்து குரைத்துக்கொண்டே நின்றதாம். “அது மட்டும் இல்லேன்னா அந்தக் கன்னு போயிருக்கும்” என்று சொல்லி, எட்டத்தில் நின்றிருந்த ஒரு கிடேரிக் கன்றைக் காட்டினார்.

செவலையின் தாயும் இந்தக் கொட்டகையில் பிறந்ததுதான். தகப்பன் யாரென்று தெரியாது. இந்த ஈற்றில் ஒரு குட்டிக்கு முகமும் முதுகுக் கறுப்பும் அப்படியே அல்சேஷன். பக்கத்து அடுக்குமாடியில் யாரோ வளர்த்து, வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போன நாயின் வழி அது என்றார் அம்மா. குட்டி கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் என்ன ஜாதி என்றுதான் முதலில் கேட்கிறார்களாம். “எங்க கொட்டா ஜாதின்னு சொல்லுவேன். வேணும்னா எடுத்துக்கிட்டுப் போ, ரெண்டு மாசம் ஆவட்டும், அதுக்கு முன்னாடி குடுக்க மாட்டேன்.”

அந்த இரண்டு மாதக் கணக்கை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்றே சொல்கின்றன. நகரத்து விற்பனையாளர்கள் பலர் மதிக்காத விதி அது. முப்பது நாளான குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து அட்டைப் பெட்டியில் வைத்து விற்பதை இதே நெடுஞ்சாலையில் பார்த்திருக்கிறேன். கொட்டகையில் அந்தக் கட்டுப்பாடு வழக்கமாகவே இருக்கிறது.

மாட்டு நாய் என்றதும் உலகம் முழுவதும் முதலில் நினைக்கப்படுவது ஆஸ்திரேலியாதான். 1840களில் நியூ சவுத் வேல்சில் தாமஸ் ஹால் என்ற பண்ணையார், இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துப் பகுதியிலிருந்து வரவழைத்த மந்தை ஓட்டும் நாய்களை, ஆஸ்திரேலியாவின் காட்டு நாயான டிங்கோவோடு கலந்தார். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மாட்டை நடத்திச் சந்தைக்குக் கொண்டு போக, வெயில் தாங்கும், குரைக்காமல் பின்னங்காலைக் கவ்வி ஓட்டும் நாய் அவருக்குத் தேவைப்பட்டது. இன்று பெயர்பெற்ற ஆஸ்திரேலிய மாட்டு நாய் அந்தக் கலப்பிலிருந்து வந்ததுதான். 1900களின் தொடக்கத்தில் ராபர்ட் கலெஸ்கி என்பவர் அதற்கு இலக்கணம் எழுதிய பிறகே அது ‘இனம்’ ஆனது. அதுவரை வேலைக்காகக் கலந்த கலப்பு நாய்தான். ஸ்காட்லாந்து, இங்கிலாந்து எல்லையில் வளர்ந்த பார்டர் கோலியின் கதையும் அதுவே. 1893இல் ஆடம் டெல்ஃபர் என்பவர் வீட்டில் பிறந்த ‘ஓல்டு ஹெம்ப்’ என்ற ஒரே நாயின் வழியில்தான் இன்றைய கோலிகள் பெரும்பாலும் வருகின்றன.

இந்த நாய்களின் வேலை ஓட்டுவது. நம் ஊர் நாய்களின் வேலை காப்பது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், வெளிநாட்டு நாயை வாங்கிப் பண்ணையில் விட்டால் மாடு மேய்க்கும் என்று பணத்தைக் கொட்டுகிறார்கள். ஓட்டும் நாயின் உடம்பில் வேட்டைக் குணத்தின் ஒரு பகுதி மட்டும் கூர்மையாக நிறுத்தப்பட்டிருக்கிறது. கோலி கண்ணால் நிலைகுத்திப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், கடிக்காது. ஆஸ்திரேலிய நாய் துரத்தும், குதிகாலைக் கவ்வும். காக்கும் நாயிடம் இந்தத் துரத்தலே எழக் கூடாது. ஆடு ஓடினால் அதற்குத் துரத்தத் தோன்றக் கூடாது. தமிழ்நாட்டில் ஆட்டையும் மாட்டையும் ஓட்டுவது மேய்ப்பவரின் குரலும் கம்பும். நாய் அதற்கு வேண்டியதில்லை. இரவில் பட்டியைச் சுற்றிப் படுத்து, நரியோ திருடனோ தெரு நாய்க் கூட்டமோ வந்தால் எழுந்து நிற்பதற்குத்தான் நாய்.

கொட்டகையிலிருந்து திரும்பி, பூந்தமல்லி வழியாகத் திருமழிசைக்குப் பேருந்து ஏறினேன். திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர். ஒரு பக்கம் சிட்கோ தொழிற்பேட்டை. 2020இல் கோயம்பேட்டு மார்க்கெட்டை மூடியபோது காய்கறிச் சந்தை தற்காலிகமாக வந்து அமர்ந்ததும் இங்கேதான். அதைத் தாண்டிக் குத்தம்பாக்கம், நேமம். நேமம் ஏரிக்குக் கீழே சம்பா அறுவடை முடிந்த வயல்களில் தாள் மட்டும் நின்றது. அங்கேதான் ஆட்டுப் பட்டி போட்டிருந்தார்கள்.

பட்டி போடுவதை இந்தத் தலைமுறையில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். அறுவடையான வயலில் இரவு முழுக்க ஆட்டை அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அடுத்த போகத்துக்கு அதுவே உரம். நிலத்துக்காரர் இரவுக் கணக்கில் பணமோ நெல்லோ கொடுப்பார். மறுநாள் பட்டி அடுத்த வயலுக்கு நகரும். தெற்கே ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் இதைக் கிடை என்பார்கள். மந்தைக்குத் தலைவர் கீதாரி. கி. ராஜநாராயணன் ‘கிடை’ என்றே ஒரு குறுநாவல் எழுதினார், சு. தமிழ்ச்செல்வி ‘கீதாரி’ எழுதினார். திருவள்ளூர்ப் பக்கத்துப் பட்டிகளைப் பற்றி அப்படி ஒரு நாவல் வர வேண்டும் என்பது என் ஆசை.

பட்டியில் இருந்தவை பெரும்பாலும் மெட்ராஸ் சிவப்பு ஆடுகள். சென்னையைச் சுற்றியுள்ள திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் சொந்தச் செம்மறி. கம்பளி கிடையாது, வெளிர் பழுப்பிலிருந்து அடர் பழுப்புவரை நிறம், சிலவற்றுக்கு நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கிடாவுக்கு முறுக்கிய கொம்பு, பெட்டைக்குக் கொம்பில்லை. இந்த ஆட்டைப் பற்றிய ஆராய்ச்சி தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் நிலையத்தில் நடக்கிறது. பூந்தமல்லிக்குப் பக்கத்திலும் ஒரு காட்டுப்பாக்கம் உண்டு. ஆராய்ச்சி நிலையம் இருப்பது காட்டாங்கொளத்தூர் அருகே உள்ள காட்டுப்பாக்கம். விசாரித்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

பட்டிக்காரப் பெரியவர் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரர். மனைவி, மகன், மருமகள் எல்லோருமாக வந்திருந்தார்கள். நைலான் வலையைக் கழிகளில் கட்டிப் பட்டிக்கு வேலி. இளங்குட்டிகளுக்குத் தனியாகக் கவிழ்த்த பெரிய மூங்கில் கூடைகள். இரண்டு வளர்ந்த நாய்கள் வலைக்கு வெளியே எதிரெதிர் மூலையில் படுத்திருந்தன. ஒன்று கறுப்பு, காது நிமிர்ந்த நாட்டு நாய். இன்னொன்று நீண்ட முகமும் ஒட்டிய வயிறுமாகச் சிப்பிப்பாறைச் சாயலில் இருந்தது. மூன்றாவதாக ஒரு விடலை, ஆறேழு மாதம் இருக்கும், வலைக்கு உள்ளேயே ஆடுகளோடு நின்றது. அதன் கழுத்தில் ஒரு முழக் கட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

“இது எதுக்குங்க ஐயா?” என்றேன்.

“விளையாட்டுப் புத்தி இன்னும் போவல சார். குட்டி ஓடுனா பின்னாடியே ஓடிக் காதைக் கடிக்கும். கட்டை கால்ல இடிச்சா ஓட முடியாது, நின்னுடும். ஒரு மாசம், அப்புறம் அவுத்துடுவோம்.”

“அடிக்க மாட்டீங்களா?”

“அடிச்சா ஆட்டைப் பார்த்தாலே பயப்படும். அப்புறம் எப்படிக் காவல் இருக்கும்? கிட்டப் போயி வாலாட்டினா தாய் ஆடு ரெண்டு முட்டு முட்டும். அதுல அடங்கிடும்.”

இந்த விடலை பட்டியிலேயே, ஆட்டுக் கூடைக்குப் பக்கத்தில் பிறந்தது. கண் திறந்த நாளிலிருந்து அது பார்த்தவை ஆடுகள்தான். தாய்ப்பால் மறக்கும் நேரத்தில் ஆட்டுப்பால் கொடுத்தார்கள். பிறகு கேழ்வரகுக் கூழும் மோர்ச் சோறும். பெரியவரின் பேரப்பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். மூன்று நான்கு மாதத்துக்குள் நாய்க்குட்டி ஆட்டையும் ஆளையும் தன் கூட்டமென்று எடுத்துக்கொண்டுவிடுகிறது.

இதை விஞ்ஞானிகள் மெதுவாகத்தான் கண்டுகொண்டார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965இல் புத்தகமாக வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் தொடங்கி பன்னிரண்டு, பதினான்காவது வாரத்துக்குள் குட்டிக்கு உறவுகள் பதிகின்றன. அந்தச் சமயத்தில் மனிதரைக் காணாமல் வளர்ந்த குட்டி, பிறகு என்ன செய்தாலும் மனிதரிடம் ஒட்டுவது அரிது. அதே வாரங்களில் ஆட்டோடு இருந்த குட்டிக்கு ஆடு உறவாகிவிடும். அதற்குப் பிறகு ஆட்டுப் பட்டியில் கொண்டுவிட்ட நாய்க்கு ஆடு வெறும் ஓடுகிற பிராணி. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நாயானாலும் அந்த வாரங்களைத் திரும்பப் பெற முடியாது.

விஞ்ஞானிகளுக்கு முன்பே மேய்ப்பர்களுக்கு இது தெரியும். 1833இல் இன்றைய உருகுவே நாட்டுப் பண்ணை ஒன்றில் தங்கிய சார்லஸ் டார்வின், மைல் கணக்கில் ஆளோ வீடோ இல்லாத இடத்தில் ஒன்றிரண்டு நாய்கள் மட்டும் பெரிய ஆட்டு மந்தையைக் காத்து நிற்பதைப் பார்த்து வியந்தார். விசாரித்து எழுதியும் வைத்தார். குட்டியை மிக இளம் வயதில் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். நாளைக்கு மூன்று நான்கு முறை ஒரு பெட்டை ஆட்டைப் பிடித்து நிறுத்தி அதன் மடியில் பால் குடிக்க வைக்கிறார்கள். ஆட்டுத் தொழுவத்திலேயே கம்பளியால் படுக்கை. மற்ற நாய்களோடும் வீட்டுக் குழந்தைகளோடும் சேர விடுவதில்லை. வளர்ந்த பிறகு அது தினமும் இறைச்சி வாங்க வீட்டுக்கு வரும், வீட்டு நாய்கள் துரத்தும், வெட்கப்பட்டதுபோல ஓடும். மந்தையை எட்டியதும் திரும்பி நின்று குரைத்தால், துரத்தி வந்த அத்தனை நாய்களும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும். நேமத்துக் கறுப்பு நாயையும் அப்படித்தான் பார்த்தேன். சாயங்காலம் ஊருக்குள் பெரியவரின் மகனோடு போனபோது தெரு நாய்களைக் கண்டு ஒதுங்கி ஒதுங்கி நடந்தது. பட்டிக்குத் திரும்பியதும் அதே நாய்கள் ஏரிக்கரைமேல் வந்து எட்டிப் பார்க்க, இது எழுந்து நின்று ஒரு குரல் கொடுத்தது. அவை இறங்கவில்லை.

குழந்தைகளோடு சேர விடாத அந்தத் தென்னமெரிக்க வழக்கம் மட்டும் நமக்கு ஒத்துவராது. அங்கே மைல் கணக்கில் ஆளில்லா வெளி. இங்கே பட்டியை ஒட்டியே ஊர், தார்ச்சாலை, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். மனிதரைத் தெரியாத நாய் இங்கே ஆபத்து. பேரப்பிள்ளைகள் தூக்கித் திரிந்த குட்டிதான் இந்த மண்ணுக்கு ஏற்ற காவல் நாய் ஆகும்.

கலப்பு நாயால் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நவஹோ மக்களின் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் இந்தப் பழங்குடி மக்கள் ஓநாய்க்கு உறவான கயோட்டியிடமிருந்து ஆட்டைக் காக்க எந்த உயர்ந்த இனத்தையும் தேடவில்லை. ஊரில் கிடைத்த கலப்பு நாய்க்குட்டிகளை நாலைந்து வார வயதில் பட்டியில் விட்டு ஆட்டோடு வளர்த்தார்கள். 1981இல் ஹால் பிளாக் என்ற ஆய்வாளர் இதைப் பார்த்து எழுதினார். அதே காலத்தில் மாசசூசெட்சின் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் ரேமண்ட், லோர்னா காப்பிங்கர் தம்பதியர் இத்தாலி, துருக்கி நாடுகளின் பெரிய காவல் நாய்களை வரவழைத்து அமெரிக்கப் பண்ணைகளில் விட்டுப் பார்த்தார்கள். அந்த நாய்களுக்கும் குட்டிப் பருவத்தை ஆட்டோடு கழிப்பதே முதல் தேவையாக இருந்தது.

இந்த இடத்தில் நம் ஊர் இனங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெருமைப்படத் தக்க நாய்கள் நம்மிடம் உண்டு. 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையம். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் நாட்டில் முதலில் பதிவு செய்த நாயினங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அடங்கும். சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களைப் பற்றி எழுதிய பிறகு படித்தவர்கள் மத்தியில் இவற்றுக்கு மதிப்பு கூடியது. நல்லது. ஆனால் மதிப்பு கூடியதும் விலை கூடியது, விலை கூடியதும் பால்போன்ற வெள்ளை நிறமும் ரோஜா நிற மூக்கும்தான் ராஜபாளையம் என்று வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். வெள்ளைக்காக நெருங்கிய உறவிலேயே சேர்த்துக்கொண்டே போனால் பிறவிச் செவிடு வருகிறது. ஆஸ்திரேலிய மாட்டு நாயிலும் இதே பிறவிச் செவிட்டுத்தனம் உண்டு. காது கேட்காத நாய் பட்டிக் காவலுக்கு ஆகாது. பட்டிக்காரர் நிறத்தைப் பார்ப்பதில்லை. ஆட்டைக் கடித்த நாயை வைத்துக்கொள்ள மாட்டார். திருடன் வந்தபோது தூங்கிய நாயின் குட்டியை வளர்க்க மாட்டார். தலைமுறை தலைமுறையாக நடக்கும் இந்தத் தேர்வு எந்தச் சான்றிதழையும்விடக் கடுமையானது என்பது என் உறுதியான எண்ணம்.

2022இல் ‘சயின்ஸ்’ இதழில் எலினோர் கார்ல்சன் குழுவினர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் விவரம் கேட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவைப் படித்துச் செய்த ஆய்வு. அவற்றில் கலப்பு நாய்களும் ஏராளம். தனித்தனி நாய்களின் குணத்தில் காணும் வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிவது ஏறத்தாழ 9 சதவீதம்தான் என்று கண்டார்கள். சொன்ன சொல்லைக் கேட்கும் தன்மை போன்ற சிலவற்றில் இனத்தின் பங்கு சற்றுக் கூடுதல் என்பதையும் மறைக்கவில்லை. மந்தை ஓட்ட கோலி வேண்டும் என்பவர் சொல்வது தவறில்லை. மந்தையைக் காக்க நாய் வேண்டுமென்றால், அது எங்கே பிறந்தது, முதல் மூன்று மாதம் யாரோடு படுத்தது என்று கேட்பதே சரியான கேள்வி.

அன்றிரவு ஏரிக்கரையில் தார்ப்பாய் விரித்துப் படுத்தேன். நேமம் ஏரிப் பக்கம் நரி ஊளை கேட்டது. பெரியவருக்கு நரியைவிடத் தெரு நாய்களைப் பற்றித்தான் கவலை அதிகம். சென்னை மேற்கே நீள நீள, வீடு மாறுகிறவர்கள் வளர்த்த நாய்களை ஏரிக்கரையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்களாம். அவை பசியில் கூட்டம் சேர்கின்றன. கொங்குப் பகுதியில், வெள்ளகோவில், காங்கேயம், சென்னிமலை வட்டாரத்தில், இப்படிப்பட்ட நாய்க் கூட்டங்கள் பட்டிக்குள் புகுந்து ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றதற்காக விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். நகரத்துக் கருணையும் நகரத்து அலட்சியமும் ஒரே நாயிடம் வந்து முடிகின்றன. கூட்டத்தில் சேரும் நாயும் பட்டியைக் காக்கும் நாயும் உடம்பால் வேறல்ல. ஒன்றை யாரோ தெருவில் விட்டார்கள். இன்னொன்றை யாரோ ஆட்டோடு வளர்த்தார்கள்.

காலையில் பட்டி கலையும் முன் பெரியவரின் மருமகளோடு நாய்களின் உடல்நலத்தைப் பற்றிப் பேசினேன். பட்டியில் கவனம் போதாத இடம் இதுதான். ஆடு செத்தால் தலையையும் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகவே நாய்க்குப் போட்டுவிடுகிறார்கள். ஆட்டு மூளையில் உள்ள புழுக் கட்டியைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழும். அந்தப் புல்லை மேய்ந்த ஆட்டின் மூளையில் மறுபடி கட்டி. ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாக வட்டமடித்துச் சாகும். வேறொரு நாடாப்புழு இதே வழியில் மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியை உண்டாக்கும். வட்டமடிக்கும் ஆட்டை அந்தப் பெண் பார்த்திருக்கிறார். வெயில் கோளாறு என்று நினைத்திருந்தாராம். கழிவை வேகவைத்துப் போடுங்கள், நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாடாப்புழுவுக்கான மாத்திரை கொடுங்கள், பிராசிகுவான்டல் என்று கேட்டால் கால்நடை மருந்தகத்தில் தெரியும் என்று எழுதிக் கொடுத்தேன்.

வெறிநோய்த் தடுப்பூசியிலும் கவனம் போதாது. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஒரு மாதம் கழித்து இன்னொன்று, அதன்பின் ஆண்டுக்கு ஒன்று. குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியதே வெறிநாய்க் கடிக்கு மருந்து செய்யத்தான். நூறாண்டு கடந்தும் இந்த நோய் நம்மை விட்டுப் போகவில்லை. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிது. செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாளையொட்டி ஊசி முகாம்கள் நடக்கின்றன. ஆனால் அந்த நாளில் பட்டி எந்த ஊரில் இருக்கும்? ஊர் ஊராக நகரும் நாய்க்கு நகராட்சி எல்லைக்குள் வைக்கும் முகாம் எட்டுவதில்லை. குட்டிகள் அதிகமாக ஆவதையும் பட்டிக்காரர்கள் விரும்பவில்லை. நல்ல பெட்டையிடம் ஒரு ஈற்றுக் குட்டி எடுத்துக்கொண்டு பிறகு கருத்தடை செய்ய வழியிருந்தால் செய்துவிடுவோம் என்றார் பெரியவர். நம் சென்னைக்கு அது புதிதல்ல. கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு 1964லேயே தெரு நாய்களுக்குக் கருத்தடை என்ற வழியை இங்கே முன்வைத்தது. அந்த வழி பட்டிவரை இன்னும் போய்ச் சேரவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நிலம். வேலப்பன்சாவடியில் கொட்டகைக்காரம்மாவின் மாடுகள் மேயும் கரையில் சுற்றுச்சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. குத்தம்பாக்கத்தைச் சுற்றி மனைப்பிரிவுக் கற்கள் வயலுக்குள் இறங்கிவிட்டன. வருவாய்த் துறைப் பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு என்று ஒரு நில வகை இருக்கிறது. ஊர் மாடு ஆடு மேய்வதற்கென்றே ஒதுக்கப்பட்டது அது. அந்தப் பெயரில் எஞ்சியிருக்கும் துண்டுகளாவது மேய்ச்சலுக்கே இருந்தால்தான் பட்டி வரும். பட்டி வந்தால்தான் இப்படி ஒரு நாய் உருவாகும். காட்சிக்கூடத்தில் வைத்து இந்த நாயைக் காப்பாற்ற முடியாது.

திருவள்ளூர் மாவட்டக் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு என் வேண்டுகோள்: தை, மாசி மாதங்களில் பட்டிகள் வயலில் நிற்கும்போது தடுப்பூசியையும் புழு மாத்திரையையும் எடுத்துக்கொண்டு பட்டிக்கே போங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் குடிவந்திருக்கும் நம் எல்லோருக்கும் ஒன்று: வளர்த்த நாயை ஏரிக்கரையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாய்க்குட்டி வேண்டுமென்றால் கொட்டகைகளில் கேளுங்கள். இரண்டு மாதம் காத்திருங்கள். ஊசி போட்டு வளருங்கள். மாலையில் சாலையைக் கடக்கும் மந்தையின் பின்னால் ஒரு நாய் வந்தால், ஹாரன் அடிக்காமல் வண்டியை நிறுத்தி அது கடக்கும்வரை பொறுத்திருங்கள்.